யாருக்கு இந்தப் புத்தகம்?

"கண்டதைக் கற்கப் பண்டிதன் ஆவான்" என்பது நம் பழமொழி. அதைப் பட்டாளத்தில் இருந்தவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். கண்டதைக் கற்க அவர்களுக்கு நேரமும் இருந்ததில்லை. கண்டதை எல்லாம் வைத்துக்கொள்ளப் பெட்டியில் இடமும் இருந்ததில்லை. கறுப்பு வண்ணம் பூசிய ஓர் இரும்புப் பெட்டி. மூடியின்மேல் வெள்ளை எழுத்தில் எண், பதவி, பெயர். சீருடை, போர்வை, பூட்ஸ், சவரச் சாமான், வீட்டிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். எஞ்சிய மூலையில் எத்தனை புத்தகம் கொள்ளும்? இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஆகவே எதைப் படிப்பது, எதை அடுத்தவனுக்குச் சொல்வது என்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கான கேள்வி அன்று.

இது எனக்குத் தெரிய வந்த கதையைச் சொல்கிறேன். நம் சங்க மலருக்கு 'மாணவர் படிக்க வேண்டிய நூல்கள்' என்று ஒரு கட்டுரை எழுதித் தருவதாகச் செயலாளரிடம் வாய் தவறி ஒப்புக்கொண்டிருந்தேன். பட்டியல்தானே, பத்துப் பேரைக் கேட்டால் பத்து நூல் கிடைத்துவிடும் என்பது என் கணக்கு. தீபாவளி விடுமுறையில் திருப்பதியிலிருந்து சித்தூருக்குப் போனபோது முதலில் பெரியப்பாவைப் பிடித்தேன். அவர் மதராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். வீட்டில் எங்களுக்கெல்லாம் புத்தகம் வாங்கிக் கொடுக்கிறவரும் அவரே.

"பெரியப்பா, நல்ல புத்தகமா ஒரு பத்து சொல்லுங்க."

"யாருக்கு?"

"பொதுவா, எல்லாருக்கும்."

"எல்லாருக்குமா? அப்படி ஒரு புத்தகம் எனக்குத் தெரியாதுடா" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

எனக்குச் சற்றுக் கோபந்தான். ஆனால் அந்த 'யாருக்கு' என்ற சொல் விடாமல் கூடவே வந்தது. அதன்பின் நான் சென்று பார்த்த பழைய சிப்பாய்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வகையில் அதையே கேட்டார்கள். என் பட்டியல் போயிற்று. இந்தக் கட்டுரை வந்தது.

சித்தூரில் பட்டாளத்தாரைத் தேடி அலைய வேண்டியதில்லை. இது பழைய வட ஆர்க்காட்டுச் சீமையின் ஒரு துண்டு; 1911இல்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. ஹைதர் அலி 1782இல் உயிர் நீத்தது இந்த ஊருக்கு அருகில் இருந்த பாசறையில்தான். தெற்கே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் வேலூர். அங்கே கடைத்தெருவின் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது: இவ்வூரிலிருந்து முதல் உலகப் போருக்கு 277 பேர் சென்றனர், அவர்களில் 14 பேர் உயிர் துறந்தனர் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. கடைக்குப் போகிறவர் எவரும் அதை நின்று படித்து நான் கண்டதில்லை. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்திருப்பார் என்பது இப்பக்கத்தில் எல்லோரும் அறிந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. எல்லைக்கு இப்பால் நின்றுவிட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தாத்தா தலைமுறை தமிழில் படித்தது. அப்பா தலைமுறை இரண்டிலும் தடுமாறியது. எங்கள் தலைமுறையில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இந்தச் செய்தியை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்தபடியாக நான் போனது தெருக்கோடி சுபேதார் தாத்தாவிடம். 1956இல் மதராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து, 28 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். காது மந்தம், நினைவு மட்டும் புத்தம் புதிது. "பட்டாளத்தில் எந்தப் புத்தகத்துக்கு மவுசு, தாத்தா?" என்று கத்திக் கேட்டேன். "பொன்னியின் செல்வன்" என்றார் தயங்காமல். கல்கி 1950 முதல் 1954 வரை வார இதழில் எழுதிய கதை அது என்பது நாம் அறிந்ததே. தாத்தாவின் கம்பெனியில் இருந்தது இதழ்களிலிருந்து கிழித்துத் தைத்த தொகுப்பு. அது சிறந்தது என்பதற்கு அவர் சொன்ன காரணத்தை எந்தத் திறனாய்வு நூலிலும் நான் படித்ததில்லை. "அஞ்சு பாகம். அஞ்சு பேர் ஒரே நேரத்தில் படிக்கலாம்."

முதற் பாகம் முடித்தவன் இரண்டாம் பாகக்காரனைத் துரத்துவான். இரண்டாம் பாகக்காரன் காவலுக்குப் போயிருந்தால், திரும்பி வரும்வரை இவனுக்கு உறக்கம் வராது. மூன்றாம் பாகம் விடுமுறைக்குப் போனவனுடைய பெட்டியில் திருநெல்வேலிக்குப் போய்விட்ட காலத்தில், நான்காம் பாகக்காரர்கள் நடுவில் நடந்ததை ஊகித்து ஊகித்துச் சண்டையிட்டார்களாம். முன்பே படித்தவன் ஒருவன் இடையில் நடந்ததைச் சொல்ல, அவன் சொன்னதில் பாதி அவனே கட்டியது என்பது மூன்றாம் பாகம் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. "அவன் சொன்னதுதான் நல்லா இருந்தது" என்கிறார் தாத்தா. கல்கி அன்பர்கள் பொறுத்தருள்க.

தாத்தாவின் பேச்சிலிருந்து, ஒரு சிப்பாய் இன்னொரு சிப்பாய்க்குப் புத்தகம் சொல்வதில் சில வழக்கங்கள் உண்டு என்று கண்டேன். ஆசிரியர் பெயரைச் சொல்லுவது அரிது. 'ராஜா கதை', 'கப்பல் கதை', 'அழ வைக்கிற கதை' என்பார்கள். கப்பல் கதை என்றால் சாண்டில்யனின் கடல் புறா. எங்கே நிறுத்தினாலும் மறுபடி தொடங்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். ஏனென்றால் எந்த நொடியிலும் விசில் ஊதும். சட்டைப் பையில் நுழைகிறதா என்பதும் முக்கியம். மாத நாவல்கள் வந்தபின் ராணிமுத்துவும் மாலைமதியும் முகாம்தோறும் பரவியதற்கு அவற்றின் இலக்கியத் தரத்தைக் காட்டிலும் அவற்றின் அளவும் விலையுமே காரணம் என்பேன். எழுத்தறிவு குறைந்தவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்ட ஏற்றதா என்பதும் ஒரு கேள்வி. ஒவ்வொரு படைப்பிரிவிலும் படித்துக் காட்டுவதற்கென்றே ஒருவன் இருப்பானாம். அவனுக்குத் தேநீர் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் சொன்னார். மு. வரதராசனாரின் 'தங்கைக்கு', 'தம்பிக்கு', 'நண்பர்க்கு' என்ற கடித நூல்கள் இருக்கின்றனவே, அவற்றுக்குப் படையில் நல்ல கிராக்கி. கருத்துக்காக என்று நினைத்தேன். அதுவும் உண்டு, ஆனால் வீட்டுக்கு எழுதத் தெரியாமல் திணறிய இளைஞனுக்கு ஒரு நல்ல கடிதம் எப்படித் தொடங்கும், எப்படி முடியும் என்பதற்கு அவை மாதிரி ஆயின. "அந்தப் பையன் வீட்டுக்குக் கடுதாசி போட்டு மூணு மாசம் ஆச்சு, அவன் கையில் இதைக் கொடு" என்பது தாத்தாவின் பரிந்துரை. நம் பேராசிரியர்கள் இப்படிப் பரிந்துரைப்பதில்லை.

மொழியும் ஒரு பெருஞ்சிக்கல். ஆங்கிலேயர் காலத்துப் படையில் சிப்பாய் கற்க வேண்டிய பொதுமொழி ரோமன் எழுத்தில் எழுதிய உருது. தமிழனும் தெலுங்கனும் தம் தாய்மொழி எழுத்தை விட்டு, ஆங்கில எழுத்தில் வடநாட்டு மொழியைக் கற்றுத் தேர்வு எழுதினார்கள். அப்போதுதான் பதவி உயர்வு. விடுதலைக்குப் பின்னும் அந்த ரோமன் வழக்கம் சிறிது காலம் நீடித்தது. படையினருக்கென்று அரசு நடத்திய இதழ் 1909இல் தொடங்கிய 'ஃபௌஜி அக்பார்'; 1954இல் அது 'சைனிக் சமாச்சார்' ஆயிற்று; 13 மொழிகளில் வெளிவந்தது, தமிழும் தெலுங்கும் அவற்றுள் அடங்கும். "வந்தால் படிப்போம்" என்கிறார் தாத்தா, அதற்குமேல் சொல்லவில்லை. ஆனால் அம்புலிமாமா என்றதும் அவர் முகம் மாறியது. 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே காலத்தில் தொடங்கிய இதழ் அது. தெலுங்குச் சிப்பாய் சந்தமாமாவையும் தமிழ்ச் சிப்பாய் அம்புலிமாமாவையும் வைத்துக்கொண்டு, படம் ஒன்று, கதை ஒன்று, எழுத்து வேறு என்று ஒருவன் மொழியை மற்றவன் கற்றுக்கொண்டார்களாம். மீசை வைத்த ஆடவர்கள் குழந்தைகள் இதழைப் படிப்பதைப் பார்த்துச் சிரித்த அதிகாரி ஒருவர் மறு மாதம் தாமும் ஒன்று கேட்டு வாங்கினார்.

மலையாளிகள் இதில் நம்மை விஞ்சியவர்கள். பாறப்புறத்து, கோவிலன், நந்தனார் ஆகியோர் படையில் பணியாற்றியபடியே எழுதினார்கள். 'பட்டாளக் கதைகள்' என்று ஒரு வகையே அங்கே நிலைபெற்றது. நம் தமிழில் அப்படி ஒரு நீண்ட வரிசை எழவில்லை என்பது என் மனக்குறை. ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' இரண்டும் நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழரைப் பற்றிய அரிய நாவல்கள். ஆனால் எழுதியவர் சிப்பாய் அல்லர்.

இவ்வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பதிப்பாளர்கள் கூடி, 1943 முதல் 1947 வரை ஏறத்தாழ 12 கோடிப் படிகள் அச்சிட்டுப் படையினருக்கு இலவசமாக அனுப்பினார்கள். 1,300க்கு மேற்பட்ட பதிப்புகள். பத்திரிகை அச்சடிக்கும் இயந்திரத்தில் இரண்டு புத்தகங்களை மேலும் கீழுமாக ஒரே தாளில் அடித்துப் பின் வெட்டியதால், அவை உயரம் குறைந்து அகலம் மிகுந்திருக்கும். சீருடைப் பையில் நுழையும். 1925இல் வெளிவந்து அவ்வளவாக விற்காமற்போன 'தி கிரேட் கேட்ஸ்பி' என்ற நாவல் அப்படி 1,55,000 படிகள் சிப்பாய்களிடம் சேர்ந்தது. அதன் ஆசிரியர் ஃபிட்ஸ்ஜெரால்டு, தம் நூலை உலகம் மறந்துவிட்டதென்று எண்ணி 1940இலேயே இறந்துபோயிருந்தார். சிப்பாய்கள் பெரிதும் விரும்பியது எது தெரியுமா? போர்க்கதை அன்று. நியூயார்க்கின் ஏழைத் தெருவில் வளரும் ஒரு சிறுமியின் கதை. பெட்டி ஸ்மித் எழுதிய 'எ ட்ரீ குரோஸ் இன் புரூக்ளின்'. அதற்கு முந்திய போரில் ஆங்கிலச் சிப்பாய்களுக்கு மருந்தாக இருந்தவர் ஜேன் ஆஸ்டன். மனங்கலங்கி மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கு அவருடைய நாவல்களைப் படிக்கச் சொன்னார்கள். 1924இல் கிப்ளிங், பீரங்கிப் படையினர் சிலர் ஆஸ்டன் பெயரால் கமுக்கமாக ஒரு சங்கம் வைத்திருந்ததாக ஒரு சிறுகதையே எழுதினார்.

அதிகாரிகளின் உலகம் வேறு. அவர்களுக்கு 1870இல் சிம்லாவில் தோன்றிய யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிடியூஷனும் அதன் நூலகமும் இருந்தன. பர்மாப் போரைப் பற்றி ஸ்லிம் 1956இல் எழுதிய 'டிஃபீட் இன்டு விக்டரி', 1962இல் பிரிகேடு ஒன்றுக்குத் தலைமை தாங்கிச் சீனரிடம் சிறைப்பட்ட தால்வி 1969இல் எழுதிய 'ஹிமாலயன் பிளண்டர்' ஆகியவை அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் நூல்கள். அமெரிக்க மரீன் படையில் 1980களின் இறுதியில் பதவி வாரியாகப் படிக்க வேண்டிய நூற்பட்டியல் வந்தது. நல்லதே. ஆனால் பட்டியல் பதவியைப் பார்க்கிறது. இரும்புப் பெட்டிக்காரன் ஆளைப் பார்க்கிறான்.

விடுமுறையின் கடைசி நாள் மறுபடியும் பெரியப்பாவிடம் வந்தேன். சேர்த்த செய்திகளை எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போனார். அவர் நடையில் ஒரு சிறு இழுப்பு உண்டு. இடது காலில் முழங்காலுக்குக் கீழே உள்ளது செயற்கைக் கால். வரும்போது கையில் அட்டை நைந்த ஒரு புத்தகம். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் வெளியிட்ட 'உண்மை மனிதனின் கதை'.

1987 ஜூலையில் இந்திய இலங்கை ஒப்பந்தம் ஆயிற்று. நம் படை அமைதி காக்கச் சென்றது. அக்டோபரில் அதுவே போராயிற்று. 1990 மார்ச்சில் திரும்பி வருவதற்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட நம் வீரர்கள் மாண்டார்கள். யாழ்ப்பாணத்து மக்கள் பட்ட துன்பத்துக்கு அளவில்லை. பெரியப்பாவுக்கு அப்போது 24 வயது. தமிழ் பேசும் சிப்பாய் தமிழ் ஊரில். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. அன்று ஒன்றே ஒன்று சொன்னார்: 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட நூலகத்தின் கட்டடத்தை அவர் வண்டியிலிருந்து பார்த்தாராம். "அவ்வளவு பெரிய கட்டடம்டா" என்றார். சில வாரங்களில் கண்ணிவெடி.

புனாவில் 1944 முதல் படையினருக்கான செயற்கை உறுப்பு மையம் இருக்கிறது. அங்கே கால் பொருத்தக் காத்திருந்த மாதங்களில் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அடுத்த கட்டிலில் ஆம்பூர்க்காரர் ஒருவர். அவர் ஆறுதல் சொல்லவில்லை, இந்தப் புத்தகத்தைப் போர்வையின்மேல் வைத்துவிட்டு, "முதல் அம்பது பக்கம் விட்டுடு. ஆஸ்பத்திரி வருதே, அங்கேயிருந்து படி" என்றாராம்.

போரிஸ் பொலெவோய் 1946இல் எழுதிய நூல் அது. அலெக்ஸேய் மரேஸ்யெவ் என்ற உண்மையான சோவியத் விமானியின் கதை. நாவலில் பெயரின் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். 1942இல் அவர் விமானம் வீழ்ந்தது. நொறுங்கிய கால்களோடு பனிக்காட்டில் 18 நாள் ஊர்ந்து உயிர் தப்பினார். இரண்டு கால்களையும் வெட்டி எடுத்தார்கள். மறு ஆண்டே செயற்கைக் கால்களோடு மீண்டும் போர் விமானம் ஓட்டினார். நூலின் நடுவில் ஒரு மருத்துவமனைக் காட்சி. உயிருக்குப் போராடும் கமிசார் ஒருவர், பழைய பத்திரிகை ஒன்றைத் தேடி எடுத்து அலெக்ஸேயிடம் கொடுக்கிறார். பாதம் இழந்த பின்னும் பறந்த ஒரு பழைய விமானியைப் பற்றிய கட்டுரை அதில் இருக்கிறது. அவனுக்குப் போனது ஒன்றுதானே என்று அலெக்ஸேய் முதலில் வாதிடுகிறான். பிறகு திரும்பத் திரும்பப் படிக்கிறான். ஒரு நோயாளி இன்னொரு நோயாளிக்குப் படிக்கக் கொடுத்ததால் நடந்த கதை. அதையே ஒரு நோயாளி இன்னொருவருக்குக் கொடுத்திருக்கிறார்.

புத்தகத்தின் பின்னட்டை உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார். பென்சிலால் ஆறு ஊர்கள்: நாகர்கோவில், மதுரை, தர்மபுரி, திருச்சி, ஆம்பூர், கடைசியில் சித்தூர். பெயர்கள் இல்லை. படித்தவர் ஊரை எழுதிவிட்டு அடுத்தவருக்குத் தர வேண்டும் என்பது அந்த வார்டின் வழக்கம்.

"சித்தூருக்கு அப்புறம் யாரும் இல்லையே, பெரியப்பா?"

"அதான் சொல்ல வந்தேன்."

அவர் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு காளஹஸ்திப் பக்கத்துப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்களாம். இருபது வயது. இரண்டு கால்களும் போயிருந்தன. புத்தகம் போக வேண்டிய கட்டில் அதுதான் என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும். "அவனுக்குத் தெலுங்குதான் வரும். தமிழ்ப் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வான்னு நினைச்சுப் பெட்டியில் போட்டுக்கிட்டேன்."

சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

"நான் சித்தூர்க்காரன்டா. எனக்குத் தெலுங்கு தெரியாதா? நாலு ராத்திரி இருந்தது. சொல்லியிருக்கலாம்."

அந்தப் பையன் என்ன ஆனான் என்பது அவருக்குத் தெரியாது. ஊர் மட்டும் தெரியும்; பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. இத்தனை ஆண்டுகளாகத் திருப்பதிக்கு வரும்போதெல்லாம் காளஹஸ்திப் பேருந்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அந்தப் பையனுக்கு வேறு யாராவது சொல்லியிருப்பாங்க, பெரியப்பா" என்றேன். அது வெறும் சமாதானம் என்பது இருவருக்கும் தெரிந்தது.

புறப்படும்போது புத்தகத்தை என் பையில் வைத்தார். "யாருக்கு?" என்று இம்முறை நான் கேட்டேன். "நீ பார்த்துக்கோ" என்றார்.

திருப்பதிக்குத் திரும்பும் பேருந்தில் பாதியும், விடுதியில் இரண்டு இரவுகளில் மீதியும் படித்தேன். முதல் ஐம்பது பக்கத்தை விடச் சொன்ன ஆம்பூர்க்காரரோடு எனக்கு உடன்பாடில்லை. பனிக்காட்டுப் பகுதி மிக நன்றாக இருக்கிறது. ஆனால் அது எனக்குச் சொன்ன யோசனை அன்றே.

என் அறைத்தோழர் கடப்பை மாவட்டத்தவர். தமிழ் எழுத்து ஒன்றும் அறியார். இராணுவ ஆள்சேர்ப்புக்காக விடியுமுன் எழுந்து மைதானத்தில் ஓடி வருகிறவர். நான் இரவெல்லாம் எதைப் படிக்கிறேன் என்று கேட்டார். விளக்கை அணைத்தபின் தெலுங்கில் சொல்லத் தொடங்கினேன். என் தெலுங்கு கடைத்தெருத் தெலுங்கு. விமானத்தின் பாகங்களுக்கெல்லாம் சொல் கிடைக்காமல் கையைக் காட்டுகிறேன், இருட்டில் அதுவும் பயன்படவில்லை. பக்கத்து அறைக்காரர்கள் இருவரும் இப்போது தலையணையோடு வந்துவிடுகிறார்கள். ஒரு வாரமாக நடக்கிறது. நேற்றிரவு கமிசார் அந்தப் பழைய பத்திரிகையைத் தேடி எடுத்த இடத்தில் நிறுத்தினேன்.